ஓர் அட்டைக்கு முப்பது முட்டை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் மகள் வீட்டுக்கு வந்தாள். ஒரு கையில் தலையணை கனத்துக்கு உடற்கூறியல் புத்தகம், இன்னொரு கையில் கோடு போட்ட நோட்டு. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு ஒரு வருடமாக ஒரு லேபில் ரத்த மாதிரிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். 108 ஆம்புலன்சுக்கு மருத்துவ உதவியாளர் எடுக்கிறார்கள், அடுத்த வாரம் நேர்முகம். அத்தை அதே வண்டியில்தானே பதினொரு வருடமாக ஏறி இறங்குகிறாள், ஒரு எட்டு போய்க் கேட்டுவிட்டு வரலாம் என்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அத்தை, 206 எலும்பு பேரும் கேப்பாங்களா?"

"அது கெடக்கட்டும் கண்ணு. செகண்ட் முள் இருக்கிற வாட்ச் வெச்சிருக்கியா?"

போனை எடுத்துக் காட்டினாள். எல்லாப் பிள்ளைகளும் இதைத்தான் காட்டுகிறார்கள். கையுறை போட்ட ஒரு கை நோயாளியின் மணிக்கட்டில் இருக்கிறது, இன்னொரு கை ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்திருக்கிறது, வண்டி ஆடுகிறது. போனை எந்தக் கையால் எடுப்பது? ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டு வந்த ஒரு தம்பியையும் பார்த்திருக்கிறேன். எண்ண ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் திரை இருண்டுவிடும். கையை உதறுவார், வெளிச்சம் வரும், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார். பஸ் ஸ்டாண்டு கடையில் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற முள் வாட்ச் போதும். வெள்ளை டயல், பெரிய எண்கள், அவ்வளவுதான்.

பயிற்சிக்குப் போகப்போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எதை மனப்பாடம் செய்வது என்றுதான். எலும்பு, நரம்பு, மருந்துப் பெயர் எல்லாம் அங்கே சொல்லித்தருவார்கள், அதற்குத்தான் பயிற்சியே. எண்ணுவதையும் சொல்லித்தருவார்கள். ஆனால் அது கைக்குப் பழகும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க யாருக்கும் நேரம் இருக்காது. அது வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போக வேண்டிய சோறு.

அண்ணன் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க அப்பாவோட மூச்சை எண்ணிட்டு வா" என்று என் வாட்சைக் கழற்றிக் கொடுத்தேன். போய் நேரெதிரே நின்றாள். "அப்பா, ஆடாம இருங்க, மூச்சை எண்ணப்போறேன்" என்றாள். அவர் உடனே போட்டோவுக்கு நிற்பதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மெதுவாக, ஆழமாக இழுத்து விட ஆரம்பித்தார். ஒன்பது என்று வந்து சொன்னாள். ஒன்பது மூச்சு விடுகிற ஆளை நான் உட்கார்ந்து டிவி பார்க்க விட்டிருக்க மாட்டேன், வண்டியில் ஏற்றியிருப்பேன்.

மூச்சை எண்ணுகிறோம் என்று சொன்னால் எவருக்கும் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அந்தக் கையை அவர் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. முதல் 30 செகண்டு நாடி. அப்புறம் கையை எடுக்காமல், பேசாமல், அடுத்த 30 செகண்டு வயிறு ஏறி இறங்குவதை எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். வளர்ந்த ஆளுக்கு 12இலிருந்து 20 வரை இருக்கலாம். நாடி 60இலிருந்து 100. பச்சைக் குழந்தைக்கு மூச்சே நிமிடத்துக்கு 40, 50 என்று ஓடும், அதைப் பார்த்து மூச்சுத்திணறல் என்று பயந்துவிடக் கூடாது.

இரண்டாவது தடவை நாடி பிடிக்கிற சாக்கில் எண்ணிவிட்டு 44 என்றாள், முகமெல்லாம் வெளிறி. அவர் பாட்டுக்கு மிக்சர் தின்றுகொண்டிருந்தார். என்ன நடந்தது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது, ஏனென்றால் நானும் அதே தப்பைச் செய்தவள். வயிறு ஏறுவதை ஒன்று என்றும் இறங்குவதை இரண்டு என்றும் எண்ணியிருக்கிறாள். ஏறி இறங்கினால்தான் ஒன்று. 44இல் பாதி 22. படியேறி வந்த களைப்பும் மிக்சரும் சேர்ந்தால் அது சரிதான்.

அப்புறம் இதயம் நின்றுபோன ஆளுக்கு நெஞ்சு அமுக்குவது. இதற்கு நான் பரணிலிருந்து ஒரு முட்டை அட்டையை எடுத்துவந்தேன். நாமக்கல் பக்கம் முட்டை அட்டை இல்லாத வீடு இருக்காது. எங்கள் அம்மா இருபது வருடம் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கியவர், லீவு நாளில் நானும் கூடப் போவேன். ஓர் அட்டைக்கு 30 முட்டை. வரிசைக்கு ஐந்து, ஆறு வரிசை. அம்மா ஒருநாளும் முப்பதுவரை எண்ணியதில்லை. ஐந்து, ஐந்து என்று கை போகும், ஆறாவது வரிசை நிறைந்ததும் அடுத்த அட்டை தானாக மேலே ஏறிவிடும். பக்கத்தில் யார் வந்து என்ன பேசினாலும் பதில் சொல்லிக்கொண்டே அடுக்குவார், ஒரு குழி விட்டுப்போகாது.

பயிற்சியில் முதல்முறை பொம்மையின்முன் மண்டிபோட்டபோது 30 தடவை அமுக்கி 2 தடவை காற்று கொடுக்க வேண்டும் என்றார்கள். கூட இருந்தவர்கள் பதினேழு, பதினெட்டு என்று சத்தமாக எண்ணிக்கொண்டு போய் இருபத்து மூன்றில் தடுமாறுவார்கள். தமிழில் இருபதுக்கு மேல் எண்கள் நீளமாகிவிடுகின்றன, வாய் கைக்குப் பின்னால் ஓடுகிறது. எனக்குப் பண்ணை ஞாபகம் வந்துவிட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஒரு வரிசை. ஆறு வரிசையில் அட்டை நிறைந்தது, காற்று கொடு. எண்ணிக்கையில் நான் ஒருநாளும் தவறவில்லை. வேகத்தில்தான் தவறினேன். பயிற்சியாளர் வாட்சைப் பார்த்துக்கொண்டே, "யாரும்மா உங்களைத் துரத்துறாங்க?" என்றார். நிமிடத்துக்கு 100இலிருந்து 120 வரை அமுக்க வேண்டும், நான் 150இல் போய்க்கொண்டிருந்தேன். ஓர் அட்டை நிறைய 15இலிருந்து 18 செகண்டு ஆக வேண்டும், எனக்குப் பன்னிரண்டில் முடிந்துவிட்டது. வேகம் கூடினால் ஆழம் குறையும். 5 செ.மீ. இறங்க வேண்டிய நெஞ்சு அதில் பாதிகூட இறங்காது. அதைவிட மோசம், அமுக்கின நெஞ்சு முழுசாக மேலே வருமுன்பே அடுத்ததை அமுக்கிவிடுவோம். நெஞ்சு மேலே வரும்போதுதான் இதயத்துக்குள் ரத்தம் திரும்பி வருகிறது. வெறும் குழாயை அடித்துக்கொண்டிருந்தால் எங்கிருந்து தண்ணீர் வரும்?

அந்தப் பொம்மைக்கு ஒரு கதை உண்டு, சொல்லாமல் போக மனசில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிசில் சேன் நதியில் மிதந்துவந்த பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகம் என்று சொல்லி ஓர் அச்சு முகம் ஐரோப்பா முழுக்க வீடுகளில் தொங்கியது. நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்முண்ட் லேர்டல் 1960இல் உயிர்மீட்புப் பயிற்சிக்கு ஒரு பொம்மை செய்தபோது அந்த முகத்தையே வைத்துவிட்டார். அவரை அந்தப் பக்கம் திருப்பிய மருத்துவர்களில் ஒருவர் பீட்டர் சஃபார். வாயோடு வாய் வைத்து ஊதினால் ஆளைக் காப்பாற்றலாம் என்று பரிசோதித்துக் காட்டியவர். இதே சஃபார் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் 1967இல் தொடங்கிய ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவைக்கு ஆட்களைப் பயிற்றுவித்தார். கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் டிஸ்ட்ரிக்டில் வேலையில்லாமல் இருந்த பிள்ளைகளை எடுத்து, சுமார் 300 மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். அதுவரை அந்த ஊரில் நோயாளியைப் போலீஸ் வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டுதான் போவார்கள். விலங்கியல் படித்துவிட்டு வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு இந்தக் கதையைக் கேட்டபோது ஒரு சின்னத் தெம்பு வந்தது. இந்த வேலையே வேலையில்லாதவர்கள் வளர்த்த வேலைதான்.

அண்ணன் மகளுக்கு பொம்மை ஏது, தலையணைதான். சோபாவில் வைக்கக் கூடாது, தரையில் வைக்க வேண்டும். முழங்கை மடங்கக் கூடாது, தோள் நேராகத் தலையணைக்கு மேலே வர வேண்டும், தள்ளுவது கை அல்ல, இடுப்புக்கு மேலுள்ள மொத்த உடம்பு. ஒரு நிமிடத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "இன்னும் ஒரு நிமிஷம்" என்றேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்ற வேண்டும் என்பது விதி, ஆனால் வண்டியில் மாற்ற யார் இருக்கிறார்கள்? பைலட், அதாவது டிரைவர், ஓட்டிக்கொண்டிருப்பார். முட்டியும் தோளும் இப்போதே வலித்துப் பழகட்டும். தினம் சாயங்காலம் இரண்டு நிமிடம், ஐந்து தடவை. நேர்முகத்துக்குப் போகுமுன் முட்டி காய்த்துவிடாது, பயிற்சி முடிவதற்குள் காய்த்துவிடும்.

நேர்முகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எழுத்துத் தேர்வு, முதலுதவி, உடற்கூறியல், அடிப்படைச் செவிலியர் வேலை பற்றிக் கொஞ்சம் கேள்வி, அப்புறம் மனிதவளத் துறை ஆட்கள் பேசுவார்கள். அறிவிப்பிலேயே எல்லாம் இருக்கிறது. 19 வயதுக்கு மேல், 30க்குள். நர்சிங், டி.எம்.எல்.டி. என்கிற லேப் டிப்ளமோ படித்தவர்கள் வரலாம், விலங்கியல், தாவரவியல், மைக்ரோபயாலஜி மாதிரி உயிரியல் பட்டம் படித்தவர்களும் வரலாம். தேர்வானால் வகுப்பு, ஆஸ்பத்திரி, வண்டி எல்லாம் சேர்த்து 50 நாள் பயிற்சி. 12 மணி நேர ஷிப்ட், பகலும் இரவும் மாறி மாறி, எந்த மாவட்டத்தில் போட்டாலும் போக வேண்டும். இதில் கடைசி வரிக்குத்தான் தயாராகப் போக வேண்டும். எலும்புப் பெயர் தெரியாமல் திரும்பியவர்களைவிட, "வீட்டில் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பியவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம்.

அண்ணன் அப்போதுதான் டிவியிலிருந்து தலையைத் திருப்பினார்.

"ராத்திரியிலயுமா அம்மிணி?"

"ராத்திரிதான் அண்ணா நெறைய கால் வரும்."

அவர் பதில் சொல்லவில்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

108 இங்கே வந்தது 2008 செப்டம்பர் 15. அதற்குமுன் எங்கள் தெருவில் ராத்திரி யாருக்காவது முடியாமல் போனால் பண்ணையின் முட்டை வண்டிதான், அதுவும் டிரைவர் தூங்காமல் இருந்தால். இது அண்ணனுக்கும் தெரியும், அவரே ஒருமுறை அந்த வண்டியில் அட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து எங்கள் அப்பாவைக் கொண்டுபோனவர். அதை நான் சொல்லிக்காட்டவில்லை.

சாப்பாட்டுக்குப்பின் கணக்கு. அவள் சிரித்தாள், லேபில் கால்குலேட்டர் வைத்திருக்கிறார்களாம். வண்டியில் பயிற்சிக்காகப் போன முதல் நாள் பைலட் அண்ணன் என்னிடம் ஆக்சிஜன் சிலிண்டரைப் பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டு "இருக்குதுங்கண்ணா" என்றேன். "எவ்வளவு நேரத்துக்கு?" என்றார். விழித்தேன். அவர் பத்தாம் வகுப்பு படித்தவர், நான் பட்டதாரி. சீட்டில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். கையில் தூக்குகிற பி டைப் சிலிண்டர் தண்ணீர் ஊற்றினால் 10 லிட்டர் கொள்ளும், ஆக்சிஜனை அதில் அழுத்தி அடைத்திருப்பார்கள். அழுத்தம் காட்டுகிற முள் 150 காட்டினால் பத்தால் பெருக்கு, 1,500 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் இரண்டரை மணி நேரம். அன்றைக்கு முள் காட்டியது 50. ஐம்பது நிமிடம்தான் வரும். கொல்லிமலை மேலே செம்மேட்டிலிருந்து நாமக்கல் வந்துசேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். "இருக்குது" என்பது ஒரு அளவே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மூச்சுத்திணறலோடு ஒரு பெரியவரை ஏற்றிய பிறகு தெரிந்துகொண்டிருக்கலாம், அப்படி நடக்காதது என் அதிர்ஷ்டம்.

சுயநினைவுக்கு மார்க் போடுவதும் இப்படித்தான். கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6, மொத்தம் 15. கிளாஸ்கோ நகரத்தில் இரண்டு மருத்துவர்கள் 1974இல் கொண்டுவந்த கணக்கு. இதில் பூஜ்யமே கிடையாது, ஒவ்வொன்றிலும் குறைந்தது 1 உண்டு. எதற்கும் அசையாத ஆளுக்கு 3. அட்டையில் இருக்கிற முட்டைக்குக்கூட 3 மார்க் போட்டாக வேண்டும் என்றேன். அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். மற்ற எதையும் விட இது ஞாபகம் இருக்கும்.

கொல்லிமலையைப் பற்றிச் சொல்லாமல் எப்படி முடிப்பது. காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை இருக்கும். வண்டியின் பின்னால் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்தால் சாலை தெரியாது, பக்கவாட்டில் உட்கார்ந்து ஆடிக்கொண்டே போக வேண்டும். நான் சின்ன வயதிலிருந்து அந்த மலைக்கு பஸ்ஸில் போனவள், ஜன்னலோரம் உட்கார்ந்து ஒருநாளும் குமட்டியதில்லை. ஆம்புலன்சில் பதினெட்டாவது வளைவில் கவர் கேட்டேன். பயிற்சிக்கு முன்பே இதைச் சோதித்துக்கொள்ள ஒரு வழி உண்டு. மலைக்குப் போகிற பஸ்ஸில் கடைசி சீட்டில், ஜன்னல் பார்க்காமல், மடியில் நோட்டு வைத்து எழுதிக்கொண்டே போய்ப் பாருங்கள். வயிறு நிறைய பரோட்டாவோடு வேண்டாம். வெறும் வயிற்றோடும் வேண்டாம், அது இன்னும் மோசம். இரண்டு இட்லி.

அந்த மலையிலிருந்துதான் என் முதல் பிரசவக் கேஸ். பயிற்சியில் இருந்தேன், கூட ஒரு மூத்த மருத்துவ உதவியாளர் அக்கா. செம்மேடு பக்கத்தில் ஒரு பெண்ணை ஏற்றினோம், இரண்டாவது பிரசவம். "வயித்துல கை வெச்சுப் பாரு, கல்லு மாதிரி இறுகினா நேரம் எழுது, இளகினா எழுது" என்றார் அக்கா. ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி. ஒரு பத்து வளைவு இறங்கியதும் மூன்று நிமிடம். அப்புறம் இரண்டு. "அண்ணா, ஓரங்கட்டுங்க" என்று அக்கா சொன்னது அந்த நோட்டைப் பார்த்துத்தான். வண்டி வளைவுக்கு முன் மலைப்பக்கமாக நின்றது. எனக்குத் தெரியும், ஓடுகிற வண்டியில் பிரசவம் பார்ப்பதில்லை, ஆனால் நிறுத்து என்று சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது. குழந்தை வந்தது, பெண். அக்கா துணியால் துடைத்தார், முதுகைத் தேய்த்தார், அழுதது. அம்மாவின் நெஞ்சுமேல் போட்டு மூடினார்.

"டைம்?"

நான் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாட்ச் கையில்தான் இருந்தது.

பிறந்த நேரம் தெரியாவிட்டால் அதற்கப்புறம் எந்தக் கணக்கும் நிற்காது. மூச்சு வராத குழந்தைக்கு முதல் நிமிடம் முடிவதற்குள் காற்று கொடுக்க ஆரம்பித்திருக்க வேண்டும். நிறம், துடிப்பு, சீண்டினால் முகம் சுளிப்பது, அசைவு, மூச்சு என்று ஐந்தையும் முதல் நிமிடத்தில் ஒருதடவை, ஐந்தாவது நிமிடத்தில் ஒருதடவை பார்த்து மார்க் போட வேண்டும். விர்ஜீனியா ஆப்கார் என்ற அமெரிக்க மயக்க மருத்துவர் 1952இல் வகுத்தது, இன்றுவரை அதைத்தான் போடுகிறோம். தொப்புள்கொடிக்குக் கிளிப் போடுவதற்கும் நேரம் பார்க்க வேண்டும். இதெல்லாம் எந்த நிமிடத்திலிருந்து எண்ணுவது?

முன்சீட்டிலிருந்து பைலட் அண்ணன், "நாலு பன்னெண்டு. முப்பத்தொன்பதாவது வளைவுங்க" என்றார். அவர் வேலை அது இல்லை. அழுகைச் சத்தம் கேட்டதும் பழக்கத்தில் மணியைப் பார்த்திருக்கிறார். மூலையில் ஒண்டியிருந்த மாமியார் அப்போதுதான் வாயைத் திறந்தார். "நாலு பன்னெண்டா? கரெக்டுங்களா? ஜாதகம் எழுதணும்." அக்கா என்னைத் திட்டவில்லை, நோயாளியைப் பற்றி எழுதுகிற பி.சி.ஆர். தாளை என் மடியில் போட்டு, நேரத்தை நீயே எழுது என்றார். என் கையெழுத்து அந்த வரியில் மட்டும் கோணலாக இருக்கும்.

பாம்புக்கடிக்குப் போனால் முதல் கேள்வியும் நேரம்தான். எத்தனை மணிக்குக் கடித்தது? கூடியிருக்கிறவர்கள் பாம்பின் நீளத்தைச் சொல்வார்கள், நிறத்தைச் சொல்வார்கள், யார் தடியால் அடித்தது என்றுகூடச் சொல்வார்கள். நேரத்தை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். "மாடு கறக்கிறதுக்கு முந்தியா பிந்தியா?" என்று கேட்டால் பதில் வரும். கயிறு போட்டு இறுகக் கட்டியிருப்பார்கள், கட்டக் கூடாது, கீறக் கூடாது, கடிபட்ட கைகாலை அசையாமல் வைத்துக் கொண்டுபோக வேண்டும். ஏற்கெனவே கட்டியிருந்தால் நம் இஷ்டத்துக்குச் சட்டென்று அவிழ்க்காமல், கட்டுப்பாட்டு அறையில் இருக்கிற மருத்துவரிடம் போனில் கேட்டுக்கொள்ள வேண்டும். இப்படி எதிரில் இருக்கிற ஆளின் நாளைத் தெரிந்துகொண்டு கேள்வி கேட்பதை எந்த வகுப்பிலும் முழுசாகச் சொல்லித்தர முடியாது. அவளுக்கு அந்தக் கவலை இல்லை, மாடு கறக்கிற வீட்டில் வளர்ந்தவள்.

சாயங்காலம் கிளம்பும்போது புத்தகத்தை என் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனாள். முட்டை அட்டையை எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

நான்கு நாள் கழித்து ராத்திரி பத்து மணிக்கு அண்ணன் போன் செய்தார். நைட் ஷிப்டில், வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன சொல்லிக் குடுத்து அனுப்பினே? தூங்கவே உடமாட்டேங்கிறா. வந்து வந்து கையப் புடிக்கிறா."

"பழகட்டும்ணா."

"பழகட்டும், பழகட்டும்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. "நேர்முகம் எத்தனை மணிக்குன்னு சொன்னா? நானே வண்டியில கொண்டுபோய் உட்டுர்றேன்."

"ஒம்பது மணிக்கு அங்க இருக்கணும்."

"சரி. அது கெடக்கட்டும், இப்ப பதினெட்டுன்னு சொல்லிட்டுப் போறா. பதினெட்டுன்னா நல்லதா கெட்டதா?"